5,000 டாலர், கூடவே ஒரு தாத்தா பாட்டி

கேள்வி: வணக்கம் அண்ணா. நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன், வயசு 36. எச்1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கு கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆயிடுச்சு. ஆபீஸ் மன்ஹாட்டன்ல, ஆனா 2020லேர்ந்து வீட்லேர்ந்துதான் வேலை, மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆபீஸ் போய் தலைய காட்டிட்டு வருவேன். மனைவி எச்4 இஏடில, அதாவது என் விசாவ வெச்சு கெடைச்ச வேலை அனுமதில, இங்க ஒரு பேங்க் பிராஞ்ச்ல வேலை பாக்குறாங்க. பொண்ணுக்கு 7, பையனுக்கு 3. வாடகை மட்டும் 2,900 டாலர், பையன் டேகேர் 1,700. இண்டியானால கிரீன்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊர்ல ரிமோட் வேலை பாக்குறவங்க குடிவந்தா 5,000 டாலர் தராங்கன்னு படிச்சேன். அங்க 2,20,000க்கு மூணு பெட்ரூம் தனி வீடு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ஸ்டேட் டேக்ஸும் 3 சதவீதம்தானாம். எக்செல்ல போட்டு பாத்தா வருஷத்துக்கு 38,000 டாலர் மிச்சம் வருது, அதையும் கூடவே அனுப்பியிருக்கேன். வீட்ட வாங்கிடலாமா? மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லல, சொல்லணுமா?

பதில்:

தம்பி, கடைசி கேள்விலேர்ந்து ஆரம்பிக்கிறேன். மேனேஜர்கிட்ட சொல்லணுமான்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அத படிச்சதும் குடிச்சிட்டிருந்த காபிய கீழ வெச்சிட்டேன். சொல்லணும். வீடு, ஸ்கூல், டேக்ஸ் எல்லாத்துக்கும் முன்னாடி அதுதான்.

நான் டேக்ஸ் பாக்குறவன், வக்கீல் இல்ல. அதனால விசா பத்தி இங்க எழுதுறத வெச்சு முடிவெடுக்காதீங்க, உங்க கம்பெனி அட்டர்னிகிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும் வெச்சுக்கங்க. ஆனா இருபது வருஷமா நம்ம ஆளுங்க ரிட்டர்ன் போட்டுட்டு இருக்கேன், அட்ரஸ மறைச்சு வெச்சவங்க கதை எல்லாம் கடைசில ஏப்ரல் மாசம் என் டேபிளுக்குத்தான் வந்து சேரும், அந்த அனுபவத்துல சொல்றேன்.

எச்1பில நீங்க எந்த எடத்துல உக்காந்து வேலை பாக்குறீங்கன்றது உங்க சொந்த விஷயம் இல்ல. கம்பெனி லேபர் டிபார்ட்மென்ட்ல எல்சிஏன்னு ஒரு விண்ணப்பம் போடும்போது ஊர் பேர் போட்டு, அந்த ஏரியாவுக்கு இவ்ளோ சம்பளம்னு கணக்கு காட்டித்தான் வாங்குவாங்க. எடிசன் வீட்லேர்ந்து வேலை பாத்தப்ப பெருசா பிரச்சினை வராததுக்கு காரணம், எடிசனும் மன்ஹாட்டனும் அரசாங்க கணக்குல ஒரே மெட்ரோ ஏரியா. கிரீன்ஸ்பர்க் எங்க, மன்ஹாட்டன் எங்க. ஏரியா விட்டு ஏரியா மாறினா புதுசா எல்சிஏ போட்டு, எச்1பி அமெண்ட்மென்ட், அதாவது திருத்த மனு, ஃபைல் பண்ணணும். 2015ல சிமியோ சொல்யூஷன்ஸ்னு ஒரு கேஸ்ல வந்த தீர்ப்புக்கு அப்புறம் இதுல ரெண்டாவது பேச்சே இல்ல. அதுவும் நீங்க அங்க போய் லேப்டாப்ப தொறக்கறதுக்கு முன்னாடி ஃபைல் ஆகியிருக்கணும். செலவு கம்பெனியோடது, உங்க தலைல கட்ட முடியாது, அதனாலயே பல கம்பெனி "எதுக்குப்பா இதெல்லாம்"னு மூஞ்ச சுளிப்பாங்க. சொல்லாம போயிட்டு இருக்குற எடம் தெரியாம விபிஎன் போட்டுக்கலாம், தபால் அட்ரஸ் ஃப்ரெண்டு வீடுன்னு குடுத்துக்கலாம்னு ஐடியா குடுக்க நாலு பேர் இருப்பாங்க. பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடாது தம்பி. ஸ்டேட் ரிட்டர்ன்ல நீங்க இண்டியானா ரெசிடென்ட்னு கையெழுத்து போடுவீங்க, ஏஆர்-11 ஃபார்ம்ல வீடு மாறின 10 நாளைக்குள்ள புது அட்ரஸ் குடுக்கணும், இங்க எல்சிஏல நியூயார்க்னு இருக்கும். நாளைக்கு எக்ஸ்டென்ஷனுக்கோ கிரீன் கார்டுக்கோ ஒருத்தர் இந்த மூணு பேப்பரையும் பக்கத்து பக்கத்துல வெச்சு பாத்தா கதை முடிஞ்சுது.

கிரீன் கார்டு கேஸும் அதே மாதிரிதான். உங்க பெர்ம், அதாவது கிரீன் கார்டுக்காக கம்பெனி லேபர் டிபார்ட்மென்ட்ல வாங்கின சான்றிதழ், எந்த ஊர் வேலைக்குன்னு போட்டிருக்காங்கன்னு பாருங்க. வேலை நிரந்தரமா இண்டியானாக்கு மாறுதுன்னா பெர்ம மறுபடி மொதல்லேர்ந்து போட வேண்டி வரலாம். க்யூல உங்க எடத்த காட்டுற பிரையாரிட்டி டேட் பொதுவா கைய விட்டு போகாது, ஆனா அந்த வேலைய கம்பெனி ரெண்டாவது தடவ செய்ய ரெடியான்றது தனி கேள்வி. நம்ம ஆளுங்க க்யூ பத்து வருஷத்துக்கு மேல போகுது, அந்த க்யூல நிக்கும்போது கால் மாத்தி வெக்கறதுக்கு முன்னாடி அட்டர்னிகிட்ட அரைமணி நேரம் பேசிடுங்க.

இனி என் ஏரியா. உங்க எக்செல்ல ஸ்டேட் டேக்ஸ்னு போட்ட லைன பாத்தேன். நியூயார்க்குக்கு கட்டுறது நின்னுடும், இண்டியானால 3 சதவீதம் கட்டினா போதும்னு போட்டு, மிச்சத்துல பல ஆயிரம் டாலர எழுதி வெச்சிருக்கீங்க. 3 சதவீதம்ன்றது கிட்டத்தட்ட சரி, 2025ல 3, 2026ல 2.95. ஆனா உங்க ஆபீஸ் மன்ஹாட்டன். நியூயார்க் ஸ்டேட்ல ஒரு ரூல் இருக்கு, கன்வீனியன்ஸ் ரூல்னு பேரு. உங்க ஆபீஸ் நியூயார்க்னு இருக்குற வரைக்கும், நீங்க உங்க வசதிக்காக வேற ஸ்டேட்ல வீட்ல உக்காந்து வேலை பாத்தா, அந்த நாளும் நியூயார்க்ல வேலை பாத்த நாள்னுதான் கணக்கு. இண்டியானால மக்காச்சோள வயலுக்கு நடுவுல உக்காந்து கோட் எழுதினாலும் சரி.

வெளையாட்டுக்கு சொல்லல. டென்னசி நாஷ்வில்ல தாமஸ் ஹக்கபின்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமர், நியூயார்க்ல இருக்குற ஆபீஸுக்கு வேலை. வருஷத்துல முக்கால்வாசி நாள் டென்னசி வீட்லதான் வேலை பாத்தாரு, கால்வாசி நாள்தான் நியூயார்க் போனாரு. நூத்துக்கு இருபத்தஞ்சு தான கட்டணும்னு அவர் கேட்டாரு, நூறும் எங்களுதுன்னு ஸ்டேட் சொல்லுச்சு. நியூயார்க்கோட உச்ச அப்பீல் கோர்ட்டு வரைக்கும் போய் 2005ல 4க்கு 3ன்னு தோத்துட்டாரு. சூம், டீம்ஸ் எதுவும் இல்லாத 1990கள்ல வேலை பாத்த வருஷங்களுக்கான கேஸ் அது, ரூல் இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு.

அப்ப உங்க கணக்கு என்ன ஆகும்? நியூயார்க்குக்கு நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன் போட்டு உங்க சம்பளத்துல அஞ்சு, ஆறு சதவீதம் கிட்ட இப்ப கட்டுறீங்கல்ல, அது அப்படியே தொடரும். இண்டியானா அவங்க டேக்ஸ் அளவு வரைக்கும் கிரெடிட் குடுப்பாங்க, அதனால ஸ்டேட் லெவல்ல டபுள் டேக்ஸ் ஆகாது. ஆனா இண்டியானால கவுண்டி டேக்ஸுன்னு, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி ஒரு அளவுல, தனியா ஒண்ணு இருக்கு, அதுக்கு நியூயார்க்ல கட்டினது ஒதவாது. ஆக மொத்தம் இப்ப கட்டுறத விட கொஞ்சம் கூடத்தான் வரும். சம்பளம் பெருசா இருந்தா அந்த "கொஞ்சம்" சின்னது இல்ல.

இதுலேர்ந்து வெளிய வர வழி இருக்கா? இருக்கு, ஆனா சாவி உங்க கைல இல்ல, எச்ஆர் கைல இருக்கு. கம்பெனிக்கு நியூயார்க் தவிர வேற ஸ்டேட்ல ஆபீஸ் இருந்து உங்கள அங்க அசைன் பண்ணினாலோ, இல்ல உங்க வேலை எடமே இண்டியானான்னு கம்பெனி தன்னோட தேவைக்காக எழுத்துல மாத்தி, நீங்க மன்ஹாட்டன் பக்கம் வேலைக்கு போறதையும் நிறுத்தினாலோ நிலைமை வேற. வாய்வார்த்தைல "ஓகே பா, எங்க இருந்தாலும் வேலை நடந்தா சரி"ன்னு மேனேஜர் சொன்னா அது ஆடிட்ல செல்லாது. அந்த மூணு மாசத்துக்கு ஒரு தடவ போயிட்டு வர்ற பழக்கம் இருக்குல்ல, அதையும் சேத்துத்தான் பாப்பாங்க.

இன்னொண்ணு, உங்க கம்பெனிக்கு இண்டியானால ஒரு ஆள் கூட இல்லன்னா, உங்க ஒருத்தருக்காக அவங்க அந்த ஸ்டேட்ல பேரோல் ரிஜிஸ்டர் பண்ணணும், அன்எம்ப்ளாய்மென்ட் இன்ஷூரன்ஸ் கணக்கு தொறக்கணும். பெரிய கம்பெனிக்கு இது ஒண்ணுமில்ல, இருநூறு பேர் கம்பெனின்னா யோசிப்பாங்க. சிலர் சரி போங்கன்னு சொல்லிட்டு, அங்க செலவு கம்மிதானன்னு சம்பளத்துல பத்து சதவீதம் கை வெப்பாங்க. அதையும் கேட்டுடுங்க. எக்செல்ல அதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல.

சரி, அந்த 5,000 டாலர். கிரீன்ஸ்பர்க் கதை எனக்கும் தெரியும், 2021ல பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, பணத்தோட சேத்து தாத்தா பாட்டி வேற தரோம்னாங்க, அதாவது ஊர்ல இருக்குற பெரியவங்க சில மணி நேரம் உங்க புள்ளைங்கள பாத்துப்பாங்க, ஸ்கூல்ல கிராண்ட்பேரன்ட்ஸ் டே வந்தா உங்க பொண்ணுக்கு பாட்டியா வந்து உக்காருவாங்க. படிச்சிட்டு எனக்கு சிரிப்பும் வந்துச்சு, மனசும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம அப்பா அம்மா சென்னை கான்சுலேட்ல விசிட்டர் விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு மாசக்கணக்கா காத்துட்டு கெடக்க, இங்க ஒரு ஊரே தாத்தா பாட்டிய குடுத்து கூப்பிடுது. நல்ல மனசுள்ள ஊர்தான், சந்தேகமில்ல.

அவங்க ஏன் கூப்பிடுறாங்கன்னா, சம்பளம் வெளியூர்லேர்ந்து வருது, செலவு அவங்க ஊர்ல ஆகுது. ஃபேக்டரி ஒண்ண கொண்டு வர கோடிக்கணக்குல சலுகை குடுக்குறதுக்கு, ஆளுக்கு அஞ்சாயிரம் குடுத்து குடும்பத்த கொண்டு வர்றது லாபம். 2018ல ஓக்லஹோமால டல்சா 10,000 டாலர்னு ஆரம்பிச்சு வெச்சாங்க, அது நாலு லட்சம் பேர் இருக்குற சிட்டி. வெர்மான்ட் 2019லேர்ந்து குடுத்தாங்க. 2021ல வெஸ்ட் வர்ஜீனியா 12,000 டாலர்னு வந்தாங்க, அதுக்கு இன்ட்யூட் கம்பெனியோட முன்னாள் சிஇஓ பிராட் ஸ்மித்தும் அவர் மனைவியும் 25 மில்லியன் டாலர் தூக்கி குடுத்தாங்க, அவர் அந்த ஸ்டேட்காரர். அப்புறம் சின்ன சின்ன ஊரெல்லாம் கெளம்பிடுச்சு. ஃபண்டு இருக்குற வரைக்கும்தான் இதெல்லாம், அதனால இப்ப இருக்கா, எவ்ளோன்னு ஊர்க்காரங்ககிட்டயே நேரா கேளுங்க. கேக்கும்போது ரெண்டு விஷயம் சேத்து கேளுங்க. ஒண்ணு, எச்1பில இருக்கேன் எனக்கு உண்டா. சில ஊர்ல சிட்டிசன், கிரீன் கார்டு மட்டும்தான். ரெண்டு, எத்தனை மாசம் இருக்கணும், முன்னாடியே கெளம்பினா திருப்பி குடுக்கணுமா. அந்த பணத்துக்கு டேக்ஸும் உண்டு, வருமானமாத்தான் எடுத்துப்பாங்க. லாரி வெச்சு சாமான் கொண்டு போற செலவ டேக்ஸ்ல கழிக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, முடியாது, 2018லேர்ந்து மிலிட்டரிக்காரங்க மாதிரி சிலருக்குத்தான் அது. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கா பணம்னு சும்மாவா சொன்னாங்க.

இப்ப எக்செல்ல இல்லாத ஒரு ஆள பத்தி பேசணும். உங்க வீட்டம்மா. அவங்க பேங்க் பிராஞ்ச் வேலை, நேர்ல போய் பாக்குற வேலை. அந்த சம்பளத்த நீங்க எக்செல்ல எந்த லைன்லயும் கழிக்கல. எவ்ளோன்னு நீங்க எழுதல, ஆனா எவ்ளோவா இருந்தாலும் 38,000 மிச்சத்துல பெரிய ஓட்டை அதுதான். அங்க போய் வேற பேங்க்ல வேலை தேடலாம், கெடைக்கலாம், ஆனா சின்ன ஊர்ல பேங்க் வேலைங்கறது யாராவது ரிட்டையர் ஆனாத்தான் காலியாகும். எத்தனையோ குடும்பத்துல பாத்திருக்கேன், புருஷனுக்கு ரிமோட் வேலைன்னு ஊர் மாத்தி, மனைவி வேலைய விட்டு, அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு அந்த அம்மா சமையல்கட்டு ஜன்னல் வழியா பனிய பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. புருஷனுக்காவது நாள் பூரா மீட்டிங்ல நாலு குரல் கேக்கும். அவங்ககிட்ட கேட்டீங்களான்னு உங்க லெட்டர்ல எங்கயும் தெரியல, அதான் சொல்றேன்.

ரெண்டாவது கார் ஒண்ணு வேணும், அதையும் போடுங்க. அங்க பஸ், ட்ரெயின்னு நம்பிட்டு இருக்க முடியாது.

வீடு விஷயத்துக்கு வரேன். இதுல நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன், பொறுத்துக்கங்க.

2006ல நானும் இதே மாதிரி நியூயார்க் குயின்ஸ்ல மூச்சு முட்டி, ஒஹாயோல ஒரு சின்ன ஊருக்கு போனேன். பகல்ல ஒரு ஃபேக்டரி அக்கவுண்ட்ஸ்ல வேலை, சாயங்காலம் ரிட்டர்ன் போடுறது. 1,18,000 டாலருக்கு வீடு, முன்னாடி ரெண்டு மேப்பிள் மரம், பின்னாடி தோட்டம், குயின்ஸ்ல கார் நிறுத்துற எடம் கூட அந்த வெலைக்கு கெடைக்காது. ஊரு எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு, அத மறைக்க மாட்டேன். மொத குளிர்காலம் காலைல எழுந்து பாத்தா பக்கத்து வீட்டு பெரியவர் என் வாசல்ல பனிய தள்ளிட்டு இருக்காரு, கேட்டா எப்படியும் மெஷின் ஓடிட்டுதான இருக்குங்கறாரு. ஆகஸ்ட் வந்தா வாசல்ல யாரோ பை நெறைய ஜுகினி வெச்சிட்டு போயிருப்பாங்க, யாருன்னே தெரியாது, கூட்டு வெச்சு கூட்டு வெச்சு எங்களுக்கு அலுத்து போச்சு. 2009 ஜனவரில ஃபேக்டரி மூடுச்சு. எனக்கு மட்டுமா வேலை போச்சு, ஊருக்கே போச்சு, அதனால வீட்ட வாங்கவும் ஆள் இல்ல. 14 மாசம் போர்டு தொங்குச்சு. கடைசில 91,000க்கு தள்ளிவிட்டேன். வெலை கம்மியா இருக்குற ஊர்ல வீடு வாங்குறது சுலபம், விக்கறதுதான் கஷ்டம், ஏன்னா வெலை கம்மியா இருக்கறதுக்கு காரணமே வாங்க ஆள் கம்மின்றதுதான்.

எனக்கு அப்ப கிரீன் கார்டு கைல இருந்துச்சு தம்பி. உக்காந்து காத்திருக்க முடிஞ்சுது. உங்களுக்கு வேலை போனா 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி எச்1பி ஃபைல் பண்ணணும், இல்லன்னா வேற ஸ்டேட்டஸுக்கு மாறணும், இல்லன்னா கெளம்பணும். ஆள் கெடைச்சு வெலை பேசி முடிச்சாக்கூட லோன் போட்டு வாங்குறவர்னா குளோசிங்குக்கே ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆயிடும். வித்தாலும் ஏஜென்ட் கமிஷன், மத்த செலவுன்னு 2,20,000 வீட்டுக்கு பன்னெண்டாயிரம் டாலர் பக்கம் போயிடும், ஊர் குடுத்த அஞ்சாயிரத்த வெச்சு அதுல பாதி கூட அடைக்க முடியாது. ரிமோட்டுன்னு சொல்லி எடுத்த கம்பெனியே திரும்பி வான்னு சொல்ற காலம் இது, அமேசானே 2025 ஜனவரிலேர்ந்து வாரம் அஞ்சு நாள் ஆபீஸ்னு சொல்லிடுச்சு. உங்க கம்பெனி அப்படி சொன்னா நீங்க எடிசன்ல இருந்தா திட்டிக்கிட்டே ட்ரெயின் ஏறலாம், கிரீன்ஸ்பர்க்ல இருந்தா எதுல ஏறுவீங்க?

அதனால என் பேச்சு ஒண்ணுதான், வாடகைக்கு போங்க. ஒரு வருஷம். அங்க வாடகை வீடு கம்மியாத்தான் இருக்கும், தேடணும், லோக்கல் ஆளுங்ககிட்ட வாய்விட்டு கேட்டாத்தான் கெடைக்கும். ஒரு வருஷம் வாடகை குடுத்தது வேஸ்ட்டுன்னு மாமனார் சொல்லுவாரு, சொல்லட்டும்.

உங்க வீட்டு கணக்க போட்டு பாத்தேன், தப்புன்னு சொல்ல முடியாது. பத்து சதவீதம் கைலேர்ந்து போட்டு மிச்சம் ஆறரை சதவீத வட்டில 30 வருஷ லோன்னா அசலும் வட்டியும் மாசம் 1,250 கிட்ட வருது. நியூஜெர்சி பிராப்பர்ட்டி டேக்ஸ பாத்து பயந்து போன கண்ணுக்கு இண்டியானா சொர்க்கம்தான், நீங்களே குடியிருக்குற வீட்டுக்கு மதிப்புல 1 சதவீதத்த தாண்ட கூடாதுன்னு அவங்க கான்ஸ்டிட்யூஷன்லயே போட்டு வெச்சிருக்காங்க, ஊர் ஓட்டு போட்டு ஒத்துக்கிட்ட ஸ்கூல் வரி மாதிரி சிலது மட்டும் அதுக்கு மேல. ஆனா ஹோம்ஸ்டெட் டிடக்‌ஷன் ஃபார்ம் நீங்க போய் குடுத்தாத்தான் அந்த 1, குடுக்கலன்னா 2. நாளைக்கு வாங்கும்போது மறந்துடாதீங்க. கவுண்டி டேக்ஸ்ல ஒரு சின்ன வேடிக்கை இருக்கு, ஜனவரி 1ஆம் தேதி நீங்க எந்த கவுண்டில இருக்கீங்களோ அத வெச்சுத்தான் அந்த வருஷம் பூராவும். அன்னிக்கு நீங்க நியூஜெர்சில இருந்தா அந்த வருஷம் கவுண்டி டேக்ஸே இல்ல. ஆக டிசம்பர் கடைசில அவசரப்பட்டு லாரி ஏத்தாதீங்க, பொங்கல எடிசன்லயே வெச்சிட்டு கெளம்புங்க.

ஊரு எப்படி? ஒரு பன்னெண்டாயிரம் பேர் ஊரு. நடுவுல கோர்ட் பில்டிங், அதோட கோபுரத்து மேல நூறடிக்கு மேல ஒரு மரம் தானா மொளைச்சு நிக்குது, 1870கள்லேர்ந்து ஒண்ணு போனா ஒண்ணு மொளைக்குதாம், நம்ம ஊர் கோயில் கோபுரத்துல அரசமரம் மொளைச்சா பிடுங்க சொல்லுவோம், அவங்க அத ஊருக்கே அடையாளமா வெச்சிருக்காங்க. ஹோண்டா கார் ஃபேக்டரி இருக்கு, 2008லேர்ந்து. கவுண்டி ஆஸ்பத்திரி ஊர்லயே இருக்கு, ஸ்பெஷலிஸ்ட்டுன்னா இண்டியானாபோலிஸோ சின்சினாட்டியோ போகணும், ரெண்டும் ஒரு மணி நேரம் சுமாருக்கு. கம்பெனி ஹெல்த் இன்ஷூரன்ஸ் அங்க நெட்வொர்க்ல வருதான்னு பாருங்க, எச்எம்ஓ பிளான்னா, அதாவது அவங்க லிஸ்ட்ல இருக்குற டாக்டர்கிட்ட மட்டும் போக விடுற பிளான்னா, பெரும்பாலும் வராது, மாத்த வேண்டி இருக்கும். டைம் ஜோன் நியூயார்க் டைம்தான், அதுல தொல்லை இல்ல.

நீங்க தெரிஞ்சு புடிச்சீங்களோ தெரியாம புடிச்சீங்களோ, அந்த ஊர்ல எனக்கு புடிச்ச விஷயம் அதோட அக்கம்பக்கம்தான். கார்ல அரைமணி நேரம் தாண்டி கொலம்பஸ்னு ஒரு ஊர் இருக்கு, ஒஹாயோ கொலம்பஸ் இல்ல, இண்டியானா கொலம்பஸ். கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியோட தலைமை ஆபீஸ் அங்கதான், அதனால சுமார் அம்பதாயிரம் பேர் ஊர்ல நம்ம நாட்டு எஞ்சினியர் குடும்பம் நெறைய. பருப்பு, கருவேப்பிலைக்கு தவிக்க வேண்டியதில்ல, தீபாவளிக்கு நாலு வீடு போகலாம், உங்க பொண்ணு பேர சொல்ல தெரிஞ்ச டீச்சர் இருப்பாங்க. வேலை போச்சுன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள கம்மின்ஸ் இருக்கு, இண்டியானாபோலிஸ்ல எலி லில்லி மருந்து கம்பெனி இருக்கு, எலவன்ஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கு. அந்த 60 நாள்ல இது எவ்ளோ பெரிய விஷயம்னு அப்பத்தான் தெரியும். கான்சாஸ்ல உள்ள தள்ளி சில ஊர்ல வீடு கட்ட மனையே சும்மா தராங்க, ஆனா பக்கத்துல பெரிய ஊருக்கு ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். எச்1பிகாரருக்கு அது சரி வராதுன்றது என் அபிப்பிராயம். கிரீன்ஸ்பர்க்கா, கொலம்பஸான்னு கேட்டா, அஞ்சாயிரத்த விட்டுட்டு நான் மொத வருஷம் கொலம்பஸ்லதான் வாடகைக்கு இருப்பேன். வீட்டம்மாவுக்கு வேலை கெடைக்க வாய்ப்பும் அங்க கூட.

நம்மள எப்படி பாப்பாங்கன்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும். என் அனுபவத்துல ஆள் ஆளா பாத்தா அன்பா இருப்பாங்க, மொத ஆறு மாசம் எந்த சர்ச்சுக்கு போறீங்கன்னு கேப்பாங்க, அதுல வம்பு ஒண்ணும் இல்ல, அந்த ஊர்ல சொந்தக்காரன் யாருன்னு கேக்கற மாதிரிதான். முறைச்சு பாத்தவங்களும் உண்டு, இல்லன்னு சொன்னா பொய். எனக்கு கஷ்டமா இருந்தது எங்கம்மா வந்து இருந்த அஞ்சு மாசம்தான். எடிசன்ல உங்கம்மா வந்தா ஓக் ட்ரீ ரோட்டுக்கு போய் கடைக்காரர்கிட்ட அரைகுறை ஹிந்தில பேசி முருங்கைக்கா வாங்கிட்டு வருவாங்க, அங்க காலாற நடந்தா மக்காச்சோள வயல்தான் வரும், அதுவும் அறுவடை ஆயிட்டா மொட்டை வெளி. எங்கம்மா காலண்டர்ல நாள கிழிச்சிட்டு இருந்தாங்க.

இன்டர்நெட்ட பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா அதுதான் உங்க சோறு. ஊர் பேர சொல்லி அங்க ஃபைபர் இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க, அந்த வீட்டு நம்பர போட்டு அரசாங்க தொலைத்தொடர்பு கமிஷனோட எஃப்சிசி மேப்ல பாருங்க, டவுன்லோடு 100, அப்லோடு 20 எம்பிபிஎஸ் கூட வரலன்னா 2024லேர்ந்து அரசாங்கமே அத பிராட்பேண்டுன்னு ஒத்துக்கறதில்ல. மேப்ல இருக்குன்னா அதோட விட்டுடாம பக்கத்து வீட்டு கதவ தட்டி கேளுங்க. சின்ன ஊர்னா ஸ்லோவா இருக்கும்னும் நெனைக்காதீங்க. கென்டக்கில மக்கீன்னு மலைக்கு நடுவுல ஆயிரம் பேர் கூட இல்லாத ஊர், அங்க டெலிபோன் கூட்டுறவு சங்கம் வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுத்தாங்க, லாரி போகாத எடத்துல கோவேறு கழுதைய வெச்சு கேபிள் இழுத்தாங்க, அதுக்கு ஓல்ட் பப்னு பேரு. அதே சமயம் பெரிய சிட்டிலேர்ந்து இருபது மைல்ல பழைய டெலிபோன் ஒயர்ல தவிக்கிற ஆளுங்க என் கிளையன்ட்டாவே இருக்காங்க. கூட்டுறவு சங்கம் இருக்குற ஊரா பாருங்க, பொதுவா நல்லா இருக்கும்.

போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் லீவ் போட்டு குடும்பத்தோட போய் இருந்துட்டு வாங்க. லீவுன்னா லீவு, லேப்டாப் வேணாம். பிப்ரவரில போங்க, அக்டோபர்ல போனா மரமெல்லாம் செவப்பும் மஞ்சளுமா ஏமாத்திடும். புள்ளைங்கள அங்க லைப்ரரிக்கு கூட்டிட்டு போங்க, வீட்டம்மாவ தனியா கார் ஓட்டிட்டு கடைக்கு போய் வர சொல்லுங்க. அந்த வாரத்துல அவங்க மொகத்த பாத்தாலே எக்செல் தேவைப்படாது.

இப்போதைக்கு மேனேஜர்கிட்ட பேசிட்டு எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. இண்டியானால வேலை பாக்க அனுமதி உண்டா, சம்பளம் மாறுமா, என் அசைன்டு ஆபீஸ் எதுன்னு இருக்கும், எச்1பி அமெண்ட்மென்ட் கம்பெனி பண்ணுமா, பெர்ம் என்ன ஆகும், இத மட்டும் கேளுங்க, அஞ்சாயிரம் டாலர் பத்தி எல்லாம் எழுதி வெக்காதீங்க. பதில எழுத்துல வாங்குங்க. அசைன்டு ஆபீஸ் நியூயார்க்தான்னு சொல்லிட்டாங்கன்னா டேக்ஸ் மிச்சம்னு போட்ட லைன அழிச்சிட்டு, வீட்டம்மா சம்பளத்தையும் ரெண்டாவது காரையும் சேத்து, வீட்டு லோன் எடத்துல வாடகைய போட்டு அனுப்புங்க, கூடவே போன வருஷ நியூயார்க் ரிட்டர்ன் காப்பி ஒண்ணு. பாத்து சொல்றேன். மார்ச் 1க்கு அப்புறம்னா ஏப்ரல் 15 முடியற வரைக்கும் என்ன புடிக்க முடியாது, அதுக்கு முன்னாடி அனுப்பிடுங்க.